ஸ்பேனரைத் தொடாத ஒன்றரை மணி நேரம்: சுங்கை சிப்புட்டில் ஒரு கார்ப் பட்டறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவைத் தாண்டி லிந்தாங் போகும் சாலையில், வீடுகள் முடிந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தகரக் கூரை போட்ட ஒரு கார்ப் பட்டறை இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று பட்டறைக்காரரே கேட்டுக்கொண்டார். இப்போதே வாசலில் ஏழெட்டுக் கார்கள் காத்துக் கிடக்கின்றன, எழுதி வைத்தால் ஈப்போவிலிருந்தும் ஆள் வந்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. ஆகவே பெயரைச் சொல்லாமலே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடைத்தெருவில் எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் 'ஸ்கேனர் போர்மேனா?' என்று கேட்டுவிட்டு வழி காட்டுவார்கள்; போர்மேன் என்றால் இங்கே கார் மெக்கானிக்.

என்னுடையது ஜப்பானிய வடிவமைப்பில் இந்நாட்டிலேயே பொருத்தப்பட்ட 1.5 லிட்டர் பெட்ரோல் கார். வயது 12, ஓடியது 180,000 கிலோமீட்டருக்கு மேல். இரவில் அது தோட்டத்துக் குடியிருப்பின் ஓரத்தில், செம்பனை மரங்களை ஒட்டி நிற்கும். இந்த விவரத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது. நோய் தொடங்கிய விதம் இதுதான்: காலையில் முதல் முறுக்கிலேயே இயந்திரம் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்த நிலையில் ஒரு குறையும் தெரியாது. இருபது நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகு சமிக்ஞை விளக்கில் நின்றால், நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்க வேண்டிய இயந்திர வேக முள் 500க்கு இறங்கும், மறுபடி 800க்கு ஏறும். ஸ்டீரிங்கும் இருக்கையும் சேர்ந்து நடுங்கும். குளிர்சாதனத்தைப் போட்டால் நடுக்கம் இன்னும் கூடும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தப்போகும் கடைசி நொடியில் இயந்திரம் சத்தமில்லாமல் அணைந்துவிடும். அணைந்த காரில் ஸ்டீரிங் இரும்பாய்க் கனக்கும். ஓரிரு முறை மிதித்த பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். முதுகுக்குப் பின்னால் பழக்குலை ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும்போது இதைக் கற்றுக்கொள்வது நல்ல அனுபவமன்று.

இங்கே வருவதற்கு முன்னர் வேறோர் ஊரில், கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய காத்திருப்பு அறையும் கொண்ட ஒரு பட்டறைக்கு மூன்று முறை போயிருந்தேன். முதல் முறை நான்கு பிளக்குகளை மாற்றினார்கள். இரண்டாம் முறை, உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டல் பாடியைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் முறை தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். எல்லாம் சேர்த்து 850 வெள்ளி (ரிங்கிட்). த்ராட்டல் பாடியைச் சுத்தம் செய்த பின்பு இரண்டு நாள் இயந்திரம் 1,100 சுற்றில் உறுமியது; அதன் பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். இந்த மூன்றில் எதுவும் தடுமாற்றத்துக்குக் காரணமாகக் கூடியதுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எதையும் அளந்து பார்த்து அவர்கள் மாற்றவில்லை. வழக்கமான சந்தேகங்களை வரிசையாக என் செலவில் தீர்த்துக்கொண்டார்கள்.

சுங்கை சிப்புட் பட்டறைக்காரருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தொழிற்பயிற்சி முடித்த அவருடைய மகள்தான் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனருக்கும் மடிக்கணினிக்கும் பொறுப்பு. நான் சாவியை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "உக்காருங்க சார், மொதல்ல சொல்லுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டிவிட்டுக் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். சூடான பிறகு மட்டுமா, குளிரிலும் உண்டா? அணைந்தால் உடனே பிடிக்கிறதா, ஆறவிட்டால்தான் பிடிக்கிறதா? மழை நாளில் கூடுகிறதா? மேடேறும்போது இழுவை குறைகிறதா? ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன், ஒளிக்காமல் சொன்னார். அரை மணி நேரம் ஆறினால்தான் மறுபடி பிடிக்கும் என்றால் இயந்திரம் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சரையோ பெட்ரோல் பம்பையோ சந்தேகிக்க வேண்டும். உடனே பிடித்துக்கொள்கிறது என்றால், நின்ற நிலையில் காற்றும் பெட்ரோலும் சேரும் கணக்கில் கோளாறு இருக்கவே வாய்ப்பு அதிகம். மழையில் மோசமாகிறது என்றால் பொறி கொடுக்கும் பக்கம், அதாவது பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயிலும், பிளக்கும். என் கார் உடனே பிடிக்கும், மேட்டிலும் நன்றாக இழுக்கும், நிற்கும்போது மட்டும்தான் தொல்லை என்றதும் அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். பம்பு பலவீனமானால் அது முதலில் தெரிவது பெட்ரோல் அதிகம் தேவைப்படும் மேட்டிலும் வேகத்திலும்தான். நின்றிருக்கும் கார் கேட்கும் சொட்டுப் பெட்ரோலைச் சாகப்போகும் பம்பும் கொடுத்துவிடும். என் பழைய பம்பு நல்ல நிலையில் எங்கோ குப்பைக்குப் போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு பானெட்டைத் திறந்தார்கள். அப்போதும் ஸ்பேனர் வரவில்லை. நடுக்கத்தையும் தடுமாற்றத்தையும் முதலில் பிரிக்க வேண்டும் என்றார் அவர். முள் ஆடாமல் ஒரே இடத்தில் நிற்க, உடல் மட்டும் நடுங்கினால், இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கும். முள்ளே ஏறி இறங்கினால் கோளாறு இயந்திரத்துக்குள். மகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பிரேக்கை அழுத்தியபடி முன்கியருக்கும் பின்கியருக்கும் மாற்றி மாற்றிப் போட, இயந்திரம் தன் இருப்பிடத்தில் எவ்வளவு புரள்கிறது என்று தந்தை குனிந்து பார்த்தார். வலப்பக்க மவுண்டிங் தளர்ந்திருந்தது. "ஒங்க நடுக்கத்துல பாதி இது சார். ஆனா இது கார நிப்பாட்டாது" என்றார். மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். இன்னும் ஆறு மாதம் தாங்கும், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருநூறு வெள்ளிக்கு மேல் வரக்கூடிய வேலையை, வாடிக்கையாளர் கேட்டும் ஒரு பட்டறை மறுத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

ஸ்கேனரில் இரண்டு குறியீடுகள் பதிவாகியிருந்தன: பி0171, பி0302. முன்னது கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கிறது என்பது. பின்னது இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது. முதல் குறியீட்டைப் படித்த கையோடு ஆக்சிஜன் சென்சரை மாற்றிவிடுபவர்கள் உண்டாம். கண்டதைக் கண்டபடி சொன்ன சென்சரைப் போய்த் தண்டிப்பதா என்று மகளுக்குக் கோபம். அவர் குறியீடுகளோடு நிற்காமல், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பெட்ரோல் திருத்தக் கணக்கைத் திரையில் எடுத்துக் காட்டினார். என்னைப் பொறுத்தவரை இந்தப் பட்டறையின் மதிப்பு இந்த ஒரு திரையில்தான் இருக்கிறது.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது. அதற்கேற்பக் கணினி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எரிந்த புகையை ஆக்சிஜன் சென்சர் முகர்ந்து பார்த்து, கூடியதா குறைந்ததா என்று கணினிக்குச் சொல்ல, கணினி தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தம் விழுக்காட்டில் தெரியும். மேலும் கீழும் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. என் கார் நின்ற நிலையில் காட்டியது கூட்டல் 22. அதாவது, கணினி தன் கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகப் பெட்ரோலைக் கொட்டித்தான் இயந்திரத்தை உயிரோடு வைத்திருந்தது. பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தி 2,500 சுற்றில் பிடித்தார். அந்த எண் மெல்ல இறங்கி 4க்கு வந்தது. "பாத்தீங்களா?" என்றார். நான் பார்த்தேன், புரியவில்லை. தந்தை விளக்கினார். எங்கோ ஓர் ஓட்டை வழியாக, அளக்கும் சென்சருக்குத் தெரியாமல் காற்று உள்ளே நுழைகிறது. கார் நிற்கும்போது இயந்திரம் குடிக்கும் காற்று மிகக் குறைவு. உறிஞ்சும் இழுப்போ மிக அதிகம். ஆகவே திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகிக் கலவை கெடுகிறது. வேகம் கூடினால் நேர்வழியில் வரும் காற்று பல மடங்காகும், ஓட்டை பெரிதாகாது, அதன் பங்கு கணக்கில் கரைந்துவிடும். பம்போ ஃபில்டரோ பழுதாகியிருந்தால் இது தலைகீழாக இருக்கும்: நிற்கும்போது நல்ல எண், ஓட ஓட மோசமான எண். காலைக் குளிரில் தொல்லை இல்லாததற்கும் இதிலேயே விடை கிடைத்தது. குளிர்ந்த இயந்திரத்துக்குக் கணினி தானாகவே கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துச் சுற்றையும் உயர்த்தி வைப்பதால் ஓட்டையின் குறை மறைந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொன்னார். இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாகப் பேசுவது காற்றின் அளவை நேரடியாக அளக்கும் கார்களில்தான். உறிஞ்சு குழாயின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணக்கிடும் கார்களில், அதே ஓட்டை பெரும்பாலும் சுற்று ஏறி நிற்பதாகத்தான் வெளிப்படும். திருத்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஓட்டையைத் தேடியது தனிக் கதை. பிரேக் மிதிக்கும்போது அணைவதால், இயந்திரத்தின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டு மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டரைத்தான் முதலில் சந்தேகித்தார். அதற்குப் போகும் குழாயை இடுக்கியால் நெரித்துப் பார்த்தும் முள் அசையவில்லை, ஆகவே அது தப்பியது. சூடான இயந்திரத்தின் மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, சுற்று எங்கே மாறுகிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. தீப்பற்றும் என்பதால் அவர் அதைச் செய்வதில்லை. அவரிடம் இருப்பது ஒரு பெயிண்ட் டின். அதற்குள் சூடாகும் கம்பி, கொஞ்சம் எண்ணெய், காற்றை மெல்ல ஊதும் ஒரு குழாய்: தானே செய்த புகை இயந்திரம். காரை அணைத்துவிட்டு, காற்று போகும் வழியில் அந்தப் புகையைச் செலுத்தினார். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு உறிஞ்சு குழாயின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத ஓரிடத்திலிருந்து ஊதுவத்திப் புகைபோல ஒரு கோடு எழுந்தது. கண்ணாடியும் கைவிளக்கும் கொண்டு பார்த்தபோது, இயந்திரத்தின் உள்வாயுவைத் திரும்ப எரிப்பதற்காகக் கொண்டுபோகும் ரப்பர் குழாயில், விரல் நகம் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதைச் சுற்றிப் பல் தடம்.

எலி. செம்பனைப் பழத்தைத் தின்று தீர்க்கும் எலிகளைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் கூண்டு வைத்துக் கூகையைக் குடியேற்றுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்; எங்கள் தோட்டத்திலும் உண்டு. கூகைக்குப் பயந்த எலி என் பானெட்டுக்குள் வெதுவெதுப்பாகப் படுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவுப் பட்டறையில் எனக்கு ஒருவரும் கேட்காத கேள்வி, ராத்திரியில் வண்டி எங்கே நிற்கும் என்பது. இவர் அதைப் புகை வருவதற்கு முன்பே கேட்டிருந்தார்.

குழாயை மாற்றியதும் கூட்டல் 22 என்பது கூட்டல் 3 ஆனது. நான் நன்றி சொல்லி எழுந்தேன், உட்காரச் சொன்னார். பி0302க்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கலவை கெட்டதால் எரியாமல் போயிருந்தால் நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் தடுமாறியிருக்க வேண்டும், இரண்டாவது மட்டும் ஏன்? அவர் செய்தது எளிமையானது: இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் பொருத்தினார். பதிவான குறியீடுகளை அழித்துவிட்டு, குளிர்சாதனத்தை முழுவதுமாகப் போட்டு, லிந்தாங் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினோம். இயந்திரம் ஓடியபடி நின்ற ஏழாவது நிமிடத்தில் முள் துள்ளியது. ஸ்கேனரில் வந்த புதிய குறியீடு பி0303. காயில் போன இடத்துக்கே நோயும் போயிருந்தது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகப் பொறி கொடுத்து, சூடேறியதும் உள்ளே காப்பு விட்டுப்போகும் காயில் அது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு காயிலாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையை அவர் கடுமையாக எதிர்க்கிறார். பல்லாயிரம் வோல்ட் கையில் அடிப்பது ஒருபுறம், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியில் போய் எரிந்து அதைப் பாழாக்குவது மறுபுறம்.

மற்ற சோதனைகளை விரைவாக முடித்தார்கள். எல்லா விளக்குகளையும் போட்டபின் மின்னேற்றம் 14.1 வோல்ட், பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர், இரண்டும் சரி. கடைசியாக மகள் ஸ்கேனர் வழியாகக் கணினிக்கு த்ராட்டலின் நிலையை மறுபடி கற்றுக்கொடுத்தார். அழுக்கு படிந்த த்ராட்டலுக்குப் பழகிய கணினி அதைச் சற்று அதிகமாகத் திறந்து வைத்திருக்கும்; சுத்தம் செய்தபின் அதே அளவு திறந்தால் காற்று அதிகமாக நுழையும். அந்த இரண்டு நாள் 1,100 சுற்று உறுமலுக்கு அதுதான் காரணம்.

1985இல் வந்த மலேசியக் காரான முதல் புரோட்டோன் சாகாவின் காலத்தில் இதற்கெல்லாம் ஒரு திருப்புளி போதும் என்றார் அவர். கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருப்பினால் சுற்று ஏறும், வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். இன்றும் 'ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே' என்று வந்து நிற்பவர்கள் உண்டு. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் போர்வையைப் போடச் சொல்வதாக அதை எடுத்துக்கொண்டு, அவர் மறுத்துவிடுகிறார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்டுபிடித்ததற்கு 80 வெள்ளி, குழாய் 25, அசல் காயில் 140, கூலி 40. மொத்தம் 285 வெள்ளி. முதல் வரியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்களாம். பார்த்ததற்கே காசா, சாமான் மாற்றினால்தானே காசு என்று அவர்கள் கேட்பார்களாம். நானும் மூன்று மாதம் முன்பு அப்படித்தான் கேட்டிருப்பேன். பார்ப்பதற்குக் காசு வாங்காத பட்டறை, சாமானை மாற்றித்தான் பிழைக்க வேண்டும். என் 850 வெள்ளி அப்படித்தான் போனது.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது மதிப்புரைக்கு அழகன்று. முன்பதிவு என்ற பேச்சே இல்லை. காலை எட்டு மணிக்குப் போய் என் முறை வந்தபோது பதினொன்றரை. சூட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால் காரை நாள் முழுவதும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், வேறு வண்டி இல்லாதவர்களுக்கு அது பெரிய சங்கடம். காத்திருக்க ஸ்டூல்கள் இரண்டே. மூன்றாவது ஆள் கழற்றிப் போட்ட டயரின் மேல்தான் உட்கார வேண்டும். ரசீதைப் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதித் தருகிறார். காயிலுக்கான உத்தரவாதத்தை அதில் எழுதச் சொல்லி நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. பணமாகவோ கைப்பேசியில் வருடிச் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் வழியாகவோ செலுத்தலாம், அட்டை எடுத்துக்கொள்வதில்லை. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதுவகைக் கார்களில், வால்வுகளைப் பெட்ரோல் கழுவாததால் அவற்றின் பின்புறத்தில் கரி கட்டி இதே தடுமாற்றம் வருவதுண்டு. அந்தக் கரியை அகற்றும் கருவி தன்னிடம் இல்லை என்று அவரே சொல்லி வேறிடம் அனுப்பிவிடுகிறார். ஹைபிரிட் கார்களையும் தொடுவதில்லை.

இது நடந்து மூன்று மாதமாகிறது. கார் ஒரு முறைகூட அணையவில்லை. குளிர்சாதனம் ஓடும்போதும் முள் அசையாமல் நிற்கிறது. புதிய குழாயின் மேல் மெல்லிய கம்பிவலையைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார், காரையும் செம்பனையோரத்திலிருந்து எடுத்து விளக்குக் கம்பத்தடியில் நிறுத்துகிறேன். இருக்கையில் பழைய நடுக்கத்தின் மிச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, அது மவுண்டிங். அவர் சொன்ன ஆறு மாதத்தில் இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது. அதற்குள் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.